ஐந்து எழிலன்களும் ஒரு பத்தியும்

எர்ணாவூர் சுனாமிக் குடியிருப்பில் ஜெயவேலுக்கு ஒரு பதவி இருந்தது. அதை யாரும் அவருக்குக் கொடுக்கவில்லை. அவராகத்தான் எடுத்துக்கொண்டார். தொழிற்சாலையில் நேரக் காப்பாளராக இருந்து விருப்ப ஓய்வு பெற்ற கையோடு விசிட்டிங் கார்டு அடித்தார். பெயருக்குக் கீழே ‘தகவல் ஆலோசகர்’ என்று பொன் எழுத்தில் போட்டிருந்தார். எந்தத் தகவல், யாருக்கு ஆலோசனை என்பதை மட்டும் கார்டு சொல்லவில்லை.

கொஞ்ச காலம் முன்புவரை அவரும் எல்லோரையும் போலத்தான் போனில் தேடிக்கொண்டிருந்தார். ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது எப்படி என்று போட்டால் வரிசையாக இணைப்புகள் வரும். ஒவ்வொன்றாகத் திறந்து, மேலே வந்து விழும் விளம்பரத்தை மூடி, ஒன்றுக்கொன்று முரணாக இருப்பதை ஒத்துப்பார்த்து, கடைசியில் ரேஷன் கடைக்கே போய்க் கேட்க வேண்டியிருக்கும். பிறகு ஏஐ வந்தது. கேள்வியைப் போட்டால் பதிலை ஒரே பத்தியாகக் கோத்து, முற்றுப்புள்ளி வைத்துக் கொடுத்தது. அதோடு, ‘நல்ல கேள்வி!’ என்று பாராட்டிவிட்டுத்தான் ஆரம்பித்தது. ஜெயவேல் விழுந்தது அங்கேதான். அத்தனை வருட சர்வீஸில் ஒரு மேனேஜரும் அவருடைய கேள்வியை நல்ல கேள்வி என்று சொன்னதில்லை. கேள்வி கேட்டதற்காக இரண்டு முறை மெமோதான் கொடுத்திருந்தார்கள்.

“தேடுறது பாமரர் வேலை. நான் இப்ப வினவுகிறேன்,” என்று தாவூதின் ஜெராக்ஸ் கடையில் நின்று அறிவித்தார். பெருமை ஏறினால் ஜெயவேலுக்குத் தமிழ் சுத்தமாகிவிடும்.

தாவூது அவருடைய சின்ன வயசுத் தோஸ்து. ஆதார் அட்டைகளை லேமினேட் செய்துகொண்டே சொன்னார்: “வினவிக்கோ மாமு, யார் வேணாங்குறா. ஆனா கீய குட்டி குட்டியா நம்பர் போட்டுகீது பாரு, அத்த அமுக்குனா எங்கேர்ந்து எட்த்துச்சுன்னு காட்டும். ஒருவாட்டி அமுக்கித்தான் பாரேன்.”

“அமுக்க மாட்டேன்.”

“ஏன்?”

“அது நம்பிக்கை இல்லாதவங்களுக்காக வச்சது. ஓட்டல்ல சாப்பிட்டவன் சமையக்கட்ட எட்டிப் பாப்பானா?”

“பாத்திருந்தா பாதிப் பேரு சாப்ட்டே இருக்க மாட்டான், மாமு.”

ஜெயவேல் இந்த மாதிரி ஆட்களுக்குப் பதில் சொல்வதில்லை.

அவருடைய தங்கை குணசுந்தரி பேருந்து நிறுத்தத்தில் இட்லியும் வடகறியும் விற்று, ஒற்றை ஆளாக மகள் நர்மதாவை வளர்த்தவள். நர்மதா திருவொற்றியூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். முகத்துவாரக்குப்பத்து வெற்றி, துறைமுகத்தின் சரக்குப் பெட்டக முனையத்தில் கிரேன் ஓட்டினான். இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போய்வந்து, பேசி, பழகி, முடிவும் செய்துவிட்ட பிறகு, இரண்டு வீட்டுப் பெரியவர்களும் இந்தச் சம்பந்தத்தைத் தாங்களே கண்டுபிடித்ததாக ஊருக்குச் சொல்லிக்கொண்டார்கள். மிச்சம் இருந்தது ஒரே ஒரு சடங்கு. தாய்மாமன் போய் விசாரித்துவிட்டு வர வேண்டும்.

கடலோரத்துக் குப்பங்களில் விசாரிப்பு என்றால் கேள்வி கேட்பது அல்ல. மாப்பிள்ளை ஊருக்கு வேறு வேலையாக வந்தவன் மாதிரி போய், டீக்கடையில் உட்கார்ந்து, இறால் என்ன விலை, முகத்துவாரத்தில் மண் மேடு தட்டுகிறதா என்றெல்லாம் பேசி, கடைசியில் பேச்சுவாக்கில் அந்தக் குடும்பத்தின் பெயரை எடுக்க வேண்டும். வந்தவன் எதற்கு வந்திருக்கிறான் என்று டீக்கடைக்கு முதல் வாய் டீயிலேயே தெரியும். அவர்களும் பேச்சுவாக்கில் சொல்வார்கள். நல்லது என்றால் வாயால் சொல்வார்கள். கெட்டது என்றால் ‘இன்னொரு டீ சாப்டுங்க’ என்பார்கள். அது போதும்.

“ண்ணா, ஞாயித்துக்கெயம அந்தாண்ட போயி ஒரு டீ குட்ச்சிட்டு வந்துடேன்,” என்றாள் குணசுந்தரி. “பையன் தங்கமான பையன். அவங்க நைனா எழிலனப் பத்தி நாலு பேராண்ட கேட்டேன்னு நீ சொல்லிட்டா எனக்கு மனசு ஆறும்.”

“டீக்கடையில் அமர்ந்து வதந்தி சேகரிக்கும் காலம் போய்விட்டது, குணா.”

“வதந்தி இல்லண்ணா. வெசாரிப்பு.”

“விசாரிச்சாச்சுன்னு வச்சுக்கோ,” என்று ஜெயவேல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். குணசுந்தரி நம்பினாள். அண்ணன் சொன்னதை நம்பாமல் இருக்கும் பழக்கம் அவளுக்கு அதுவரை வந்ததில்லை.

அன்று மாலையே வினவினார். ‘முகத்துவாரக்குப்பம் எழிலன் யார்? அவரது பின்னணி என்ன?’ போன் கொஞ்சம் யோசித்தது. பிறகு எழுதியது:

‘நல்ல கேள்வி! முகத்துவாரக்குப்பத்தைச் சேர்ந்த எழிலன், பன்முகத்தன்மை கொண்ட மீனவ சமூகப் பிரமுகர் ஆவார். பெருவெள்ளத்தின்போது தமது படகில் பலரை மீட்டு, பாராட்டுச் சான்றிதழ் பெற்றார். கள்ள டீசல் வழக்கில் கைதாகி ஜாமீனில் விடுவிக்கப்பட்டார். உள்ளாட்சித் தேர்தலில் சுயேச்சையாகப் போட்டியிட்டு வைப்புத்தொகையை இழந்தார். அவரது இரண்டாவது மனைவி ஜீவனாம்சம் கோரித் தொடர்ந்த வழக்கு நிலுவையில் உள்ளது. அவரது அரசியல் வாழ்க்கை குறித்து மேலும் அறிய விரும்புகிறீர்களா?’

ஜெயவேல் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆளைக் காப்பாற்றி, டீசல் கடத்தி, தேர்தலில் நின்று, இரண்டாம் கல்யாணமும் செய்துகொள்ள ஒரு மீனவனுக்கு எங்கிருந்து நேரம் கிடைத்தது என்று அவர் யோசிக்கவில்லை. பழைய தேடலாக இருந்திருந்தால் செய்தி தனித்தனியாக வந்திருக்கும். ஒன்றில் வழுக்கைத் தலை, இன்னொன்றில் சுருட்டை முடி என்று போட்டோக்களே காட்டிக்கொடுத்திருக்கும். பத்திக்கு முகம் கிடையாது. ஆகவே அதற்குள் எத்தனை பேர் நின்றாலும் இடம் போதும்.

முகத்துவாரக்குப்பத்து டீக்கடைக்குத் தெரிந்து ஜெயவேலுக்குத் தெரியாத செய்தி இதுதான்: அந்த ஊரில் எழிலன்கள் ஐந்து பேர். ஐந்து பேருக்கும் ஒரே வயது. அவர்கள் கைக்குழந்தைகளாக இருந்தபோது கட்சித் தலைவர் ஒருவர் கொடியேற்ற வந்தார். தாய்மார்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பெயர் வைக்கச் சொல்லி வரிசையில் நின்றார்கள். தலைவருக்கு அடுத்த கூட்டம் பொன்னேரியில் இருந்தது. முதல் பையனுக்கு எழிலன் என்றார். இரண்டாவது பையனுக்கும் எழிலன் என்றார். அதற்கப்புறம் யோசிக்கவே இல்லை. பெண் குழந்தைகள் எல்லாம் கார்குழலி ஆனார்கள். அதில் ஒன்றுக்கு அப்போது தலையில் முடியே முளைத்திருக்கவில்லை. தலைவர் வாயால் வந்த பெயரை மாற்ற யாருக்கும் மனம் வரவில்லை. ஊர் பட்டப்பெயர் வைத்துச் சமாளித்துக்கொண்டது. வெள்ளத்தில் ஆட்களைக் காப்பாற்றியவர் சர்டிபிகேட் எழிலன். வாய் ஓயாதவர் டேப்பு எழிலன். தேர்தலில் நின்றவர் டெபாசிட் எழிலன். மீசை வைத்திருந்தவர் மீசை எழிலன். வெற்றியின் அப்பா எதற்கும் வாய் திறக்காதவர் என்பதால் கம்முனு எழிலன். செய்தித்தாளில் வருகிற மாதிரி ஒரு காரியத்தை அவர் வாழ்நாளில் செய்ததில்லை. அவரைப் பற்றி இணையத்தில் ஒரு வரி கூடக் கிடையாது.

ஜெயவேல் அந்தப் பத்தியை உடனே போய்த் தங்கையிடம் சொல்லியிருக்கலாம். அவள் நாலு பேரைக் கேட்டிருப்பாள், சிரித்திருப்பாள், விஷயம் அடுப்படியோடு முடிந்திருக்கும். ஆனால் இவ்வளவு பெரிய தகவலை மாவாட்டிக்கொண்டிருக்கும் ஒருத்தியிடம் சொல்வதா? தகவலுக்கு ஒரு சபை வேண்டாமா?

சபை வருகிற வெள்ளிக்கிழமை இருந்தது.

நிச்சயதார்த்தத்துக்குக் குடியிருப்பின் இரண்டு பிளாக்குகளுக்கு நடுவே பந்தல் போட்டிருந்தார்கள். முகத்துவாரக்குப்பத்துக்காரர்கள் ஷேர் ஆட்டோக்களிலும் ஒரு மினி லாரியிலும் வந்து இறங்கினார்கள். ஐந்து எழிலன்களும் வந்தார்கள். ஒருவர் வீட்டு விசேஷம் என்றால் ஐந்து பேரும் வரிசையாக முன்னால் உட்காருவது வழக்கம். வெற்றிக்கு அம்மா இல்லை. அவனைச் சின்ன வயசிலிருந்து தூக்கி வளர்த்தவள் மீசை எழிலனின் மனைவி பூவம்மா. அவளுக்குப் பிள்ளை இல்லை. அதனால் சீர்த்தட்டு அவள் கையில் இருந்தது. பழம், பூ, புடவையெல்லாம் அடுக்கிய பெரிய பித்தளைத் தட்டு. கனமாக இருந்தாலும் வேறு யாரையும் தொடவிடாமல் அவளே சுமந்து வந்தாள்.

அந்தப் பக்கத்தில் தட்டு மாற்றும் முன்னால் ஒரு முறை உண்டு. மாப்பிள்ளை ஊர்த்தலைவர் எழுந்து பெண் வீட்டாரைப் பார்த்து ஒரு கேள்வி கேட்பார். அதற்குப் பெண் வீட்டார் ஒரு பதில் சொல்வார்கள். கேள்வியும் பதிலும் தாத்தன் காலத்திலிருந்து மாறாதவை.

ஊர்த்தலைவர் தாமோதரன் எழுந்தார். “பொண்ணு வூட்டாருக்கு எங்களாண்ட எதுனா கேக்கணும்னா, சபையில தாராளமா கேக்கலாம்.”

‘உங்களாண்ட கேக்க இன்னா கீது, தட்ட மாத்துங்க’ என்பதுதான் பதில். குணசுந்தரி தாம்பாளத்தைக் கையில் எடுத்தேவிட்டாள்.

“கேட்க வேண்டியது இருக்கிறது,” என்றார் ஜெயவேல்.

அந்தக் கேள்விக்கு இப்படி ஒரு பதிலை யாரும் கேட்டதில்லை. தாமோதரனுக்கு அடுத்து என்ன சொல்வதென்று தெரியவில்லை, ஏனென்றால் அடுத்து எதுவும் இருந்ததில்லை. ஜெயவேல் பட்டுச் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, கையை நன்றாக நீட்டிப் பிடித்துக்கொண்டார்.

“சபைக்கு வணக்கம். மாப்பிள்ளையின் தந்தை எழிலன் அவர்களைப் பற்றி நான் சேகரித்த தகவல் இது.”

பெண்கள் பக்கத்திலிருந்து நர்மதா, “மாமா, இன்னா பண்ற?” என்றாள். மாமாவின் காது தமிழ் சுத்தமாகிவிட்ட நேரத்தில் வேலை செய்யாது.

“பெருவெள்ளத்தின்போது தமது படகில் பலரை மீட்டு…”

யாரோ கை தட்டினார்கள். சர்டிபிகேட் எழிலன் பாதி எழுந்து கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார். ஜெயவேலுக்கு அது ஏன் என்று புரியவில்லை. மேலே படித்தார்.

“கள்ள டீசல் வழக்கில் கைதாகி…”

“யோவ், அது நானு!” டேப்பு எழிலன் துள்ளி எழுந்தார். “அந்தக் கேஸ்ல இன்னா நடந்துச்சுன்னு தெரியுமா உனக்கு? போட்டு வேற ஆளுது, இன்ஜின் வேற ஆளுது, நான் சும்மா நின்னுகினு இருந்தேன்…”

“டேப்ப நிறுத்துடா!” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. பந்தல் சிரித்தது.

“தேர்தலில் வைப்புத்தொகையை இழந்தார்…”

“டெபாசிட்டு, எந்திரி! உன்னக் கூப்புட்றாங்க!”

இப்போது பெண் வீட்டாரும் சிரித்தார்கள். குணசுந்தரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. அங்கேயே நிறுத்தி, ஆள் மாறிப்போச்சு என்று ஜெயவேலும் சேர்ந்து சிரித்திருந்தால், கல்யாணம் முடிந்து பேரப்பிள்ளை பிறந்த பிறகும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிற கதையாகியிருக்கும். அவரோ தன் வார்த்தைக்குச் சபை சிரிக்கிறது என்றால் சபை தன் பக்கம் என்று எடுத்துக்கொண்டார். குரலை இன்னும் ஒரு படி ஏற்றினார்.

“இரண்டாவது மனைவி ஜீவனாம்சம் கோரித் தொடர்ந்த வழக்கு நிலுவையில் உள்ளது!”

‘அது யாருடா’ என்று கத்த ஒருவரும் இல்லை. முகத்துவாரக்குப்பத்து ஆட்கள் பூராவும் தலையைக் குனிந்தார்கள். கொஞ்சம் முன்னால் கை தட்டியவர் குனிந்தார். டேப்பு எழிலன் வாயைத் திறந்தபடியே குனிந்தார். தாமோதரன் தன் செருப்பைப் பார்த்தார். கம்முனு எழிலன் பாயின் கோரையை எண்ணுகிறவர் மாதிரி குனிந்திருந்தார்.

பூவம்மா தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். முதலில் அவள் முகத்தில் சிரிப்பு மிச்சம் இருந்தது. வரிசையாக ஒவ்வொரு தலையாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். குனியாத தலை ஒன்றுதான் இருந்தது. அது பந்தல் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தது. மீசை அசையவே இல்லை.

தட்டைப் பாயில் வைத்தாள். மேலே இருந்த ஒரு ஆரஞ்சுப் பழம் உருண்டு ஜெயவேலின் காலருகே வந்து நின்றது. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் பந்தலைவிட்டு வெளியே நடந்தாள். வெற்றி பின்னாலேயே ஓடினான்.

“அப்ப அந்த ஜீவனாம்சம்…” என்று ஜெயவேல் ஆரம்பித்தார்.

“உக்காருய்யா நீ,” என்றார் தாமோதரன். பிறகு குணசுந்தரியிடம் திரும்பினார். குரல் தணிந்திருந்தது. “உன் மேல எங்களுக்குக் கோவம் இல்லம்மா. ஆனா தட்ட எட்த்துகினு வந்தவ எறக்கி வச்சிட்டா. அவளா வந்து தூக்குனாத்தான் அப்பால பேச்சு. எங்க ஊர்ல அதான் மொறை.”

வந்த வண்டிகளிலேயே திரும்பிப் போனார்கள். அண்டா நிறைய பிரிஞ்சி இருந்தது. குணசுந்தரி அதைத் தட்டு போட்டு மூடினாள்.

அண்ணனை அவள் ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஜெயவேல் பதில் சொல்லியிருப்பார். தொழில்நுட்பத்தில் சில குறைபாடுகள் உண்டு என்று விளக்கியிருப்பார். விளக்கத்தை மனசுக்குள் தயார்செய்துகூட வைத்திருந்தார். கேட்கத்தான் ஆள் இல்லை. மறுநாள் தாவூதின் கடைப்பக்கம் போகாமல் சுற்றி வந்தார். சபையில் நடந்தது அவருக்கு முன்னாலேயே எல்லாக் கடைக்கும் போய்ச் சேர்ந்திருந்தது.

நர்மதாதான் வந்தாள். வேலைக்குப் போகிற சுடிதாரில், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

“உனக்கு நல்லது பண்ணத்தாம்மா நான்…” என்றார்.

“எனக்கு நல்லது பண்ணணும்னா அத்த எங்கம்மாவாண்ட அடுப்பு பக்கத்துல சொல்லிருப்ப, மாமா. மைக்கு இல்லாத கொறையா அங்க எந்திரிச்சி நின்னு சொல்லிருக்க மாட்ட.”

நர்மதா பையின் வாரைத் தோளில் ஏற்றிக்கொண்டாள்.

“வெற்றி போன எடுக்க மாட்டேங்குறான். பூவம்மா அத்த சோறு துன்னலியாம், அவங்கள வுட்டுட்டு வர மாட்டானாம். நீ போயி பேசு. எங்கம்மா உன்னக் கேக்க மாட்டாங்க. அதான் நான் கேக்கறேன்.”

அவள் போன பிறகு ஜெயவேல், வெட்கக்கேடு, போனை எடுத்தார். ‘மன்னிப்புக் கேட்பது எப்படி?’ என்று வினவினார். ‘நல்ல கேள்வி!’ என்றது அது. அழகான ஒரு பத்தியும் கொடுத்தது. அதை மனப்பாடம் செய்துகொண்டு எண்ணூர் பஸ் ஏறினார்.

முகத்துவாரக்குப்பத்தில் இறங்கி, கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம், “எழிலன் வீடு எதும்மா?” என்றார்.

“எந்த எழிலன்?” என்று நிமிர்ந்தவள், அவரை ஏற இறங்கப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. எதிர்வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். “யக்கா, ‘சபைக்கு வணக்கம்’ வந்துகிறாரு பாரு!”

இரண்டு மூன்று கதவுகள் திறந்தன. பட்டப்பெயர் வைப்பதில் அந்த ஊர் தாமதிப்பதில்லை. ஜெயவேல் தரையைப் பார்த்துக்கொண்டு, “கம்முனு எழிலன் வூடு,” என்றார். அந்தப் பெயரை வாயால் சொல்லும்போது அவருக்குக் காது சுட்டது.

கம்முனு எழிலன் ஆற்றோரம் படகு இன்ஜினைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். ஜெயவேல் நின்றபடியே ஆரம்பித்தார். “என்னுடைய செயலால் தங்களுக்கும் தங்கள் குடும்பத்தாருக்கும் ஏற்பட்ட மன உளைச்சலுக்கு, எனது ஆழ்ந்த வருத்தத்தை…”

கம்முனு எழிலன் கடைசிவரை கேட்டார். கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்தார். இன்ஜினைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார். பதிலே வராது என்று ஜெயவேல் முடிவுசெய்தபோது கேட்டார்:

“அதுல என்னியப் பத்தி ஒண்ணுமே இல்லியா?”

“இல்லீங்க.”

“நல்லது.” ஸ்பேனரால் மூன்றாவது வீட்டைக் காட்டினார். “என்கிட்ட இன்னாத்துக்கு? அங்க போ.”

மூன்றாவது வீட்டு வாசலில் இரண்டு லுங்கியும் சட்டைகளும் ஒரு ஷேவிங் செட்டும் மூட்டையாகக் கட்டி வெளியே வைக்கப்பட்டிருந்தன. மீசை எழிலன் இரண்டு நாளாகப் படகில் தூங்குவதாக ஊர் சொன்னது. பூவம்மா மீன் கூடைகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். அழுத முகம் இல்லை. ஆனால் கழுவின கூடையையே மறுபடி எடுத்துக் கழுவினாள்.

“என்னுடைய செயலால் தங்களுக்கு…”

“அத்த வுடு,” என்றாள். “போன எட்த்தாந்திருக்கியா?”

“இருக்கும்மா.”

“எட்றா. அவ பேரு இன்னா, எந்த ஊர்ல கீறா, பாத்து சொல்லு. இங்க ஒரு பேமானியும் எனக்குச் சொல்ல மாட்டேங்குறான். கேட்டா பூரா ஊரும் வாயில கொயக்கட்ட வச்சிகினு நிக்குது.”

ஜெயவேல் அந்தப் பத்தியைத் திறந்தார். ஜீவனாம்சம் என்ற வரியின் ஓரத்தில் பொடியாக ஒரு நம்பர் இருந்தது. வாழ்க்கையில் முதல் முறையாக அதை அமுக்கினார். ஒரு செய்தி திறந்தது. கூடவே போட்டோ. தாடி வைத்த, ஒல்லியான, இளவயது ஆள். ஊர் நாகப்பட்டினம் பக்கம். ஆற்று முகத்துவாரத்தில் ஏதோ ஒரு கிராமம். அந்த எழிலனுக்கும் இந்தக் குப்பத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

செய்தியை இரண்டு முறை படித்தார். அவர் பந்தலில் படித்தது இந்த ஊரில் யாரைப் பற்றியும் அல்ல. தன் மேல் வராத ஒரு குற்றச்சாட்டுக்கு ஊரே தலைகுனிந்து சாட்சி சொல்லியிருக்கிறது.

“இன்னா, பட்ச்சிட்டியா?”

“இந்த நியூஸ்ல கீறது உங்க வூட்டுக்காரர் இல்லம்மா.” சுத்தத் தமிழ் எங்கேயோ போய்விட்டிருந்தது. போனைத் திருப்பிக் காட்டினார். “இது வேற ஊரு. வேற ஆளு.”

பூவம்மா அந்தத் தாடிக்காரனை நன்றாகப் பார்த்தாள். பிறகு ஜெயவேலைப் பார்த்தாள்.

“அப்ப எங்காளுக்கு அப்டி ஒருத்தி இல்ல. அதானே?”

ஒரு வார்த்தை போதும். ‘இல்லம்மா’ என்றால் முடிந்தது. கையில் ஆதாரம் இருக்கிறது, போட்டோவோடு. அவள் வந்து தட்டைத் தூக்குவாள், நர்மதா கழுத்தில் தாலி ஏறும், மூட்டை உள்ளே போகும், ஜெயவேல் மறுபடி ஆலோசகர் ஆகிவிடலாம். வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அவள் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பந்தலில் குனிந்த தலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாளே, அதே பார்வை.

“எனக்குத் தெரியாதும்மா,” என்றார் ஜெயவேல்.

இதைச் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. சொல்லி முடித்ததும் சட்டை இல்லாமல் தெருவில் நிற்கிற மாதிரி இருந்தது.

பூவம்மா கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். “உனக்குத் தெரியாது. அவனுங்களுக்கெல்லாம் தெரியும். நீ பட்ச்சது பொய்யி. அதுக்கு அவனுங்க தலைய தொங்கப்போட்டானுங்களே, அது நெசம்.” கையிலிருந்த ஈரத்தை உதறினாள். “எத்தினி வருசமா என் வூட்லயே மீன் கொயம்பு துன்னுட்டு, என்னாண்டயே சிரிச்சிகினு போயிருக்கானுங்க. நீயும் எனக்குச் சொல்லணும்னு சொல்லல. உன் பவுசுக்குச் சொன்ன.”

“ஆமாம்மா.”

“உன்னக் கும்புடவும் தோணல. செருப்பால அடிக்கவும் தோணல, போ.”

ஜெயவேல் போகவில்லை. நர்மதாவைப் பற்றிக் கேட்க வேண்டும். எப்படிக் கேட்பது என்று தெரியாமல் நின்றார். அவளே ஆரம்பித்தாள்.

“பையன் கல்யாணம் நிக்கக் கூடாது. அவன் இன்னா பண்ணான் பாவம். ரெண்டு நாளா என் வாசல்லயே கெடந்தான், பட்டினியா, இப்பதான் தொரத்தி வுட்டேன். தட்ட நான்தான் தூக்குவேன். வேற எவளும் தூக்கக் கூடாது. மீச அங்க வர மாட்டான், அத்த நான் பாத்துக்கறேன்.”

ஜெயவேல் கையெடுத்துக் கும்பிட்டார்.

“இரு, முடிக்கல. நீயும் அங்க நிக்கக் கூடாது.”

“நான் தாய்மாமன்மா. மால, முகூர்த்தத்துணி எல்லாம் நான்தான்…”

“தெரிஞ்சிதான் சொல்றேன். உன் மூஞ்சப் பாத்தா எனக்கு அந்தத் தலைங்கதான் கண்ணுல வரும். தட்டு கைய வுட்டுப் பூடும். உன் தங்கச்சியாண்ட சொல்லு. அவங்க சரின்னா நான் சரி.”

எர்ணாவூருக்குத் திரும்பி வருகிற வழியெல்லாம் ஜெயவேல் தங்கை என்ன சொல்வாள் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார். அழுவாள். ‘எங்கண்ணன் இல்லாம என் பொண்ணுக்குக் கல்யாணமா’ என்பாள். ‘அப்டி ஒரு சம்பந்தமே வேணாம்’ என்றும் சொல்லக்கூடும். அப்போது தாம் பெருந்தன்மையாக அவளைத் தேற்றி, நர்மதாவுக்காக இந்தத் தியாகத்தைச் செய்வதாகச் சொல்ல வேண்டும். தேற்றுவதற்கான வார்த்தைகளைக்கூட யோசித்துவைத்தார். நல்ல வார்த்தைகள்.

குணசுந்தரி மறுநாள் கடைக்கு உளுந்து ஊறப்போட்டுக்கொண்டிருந்தாள். பூவம்மா சொன்னதை ஜெயவேல் அப்படியே சொன்னார். தம் பங்குக்கு ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. குணசுந்தரி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே கண்ணை மூடி ஒரு நிமிஷம் சாமி கும்பிட்டாள்.

“சரிண்ணா,” என்றாள்.

ஜெயவேல் காத்திருந்தார். இன்னும் ஏதோ வரும் என்று நின்றார்.

“மாலைய சித்தப்பா பையன் உதயா போடட்டும். அவனாண்ட நேத்தே ஒரு வார்த்த சொல்லி வச்சிட்டேன்,” என்றாள் அவள். உளுந்தை ஒரு தரம் அலசிவிட்டு, அண்ணன் முகத்தைப் பார்க்காமல், தணிந்த குரலில் சேர்த்துச் சொன்னாள். “மொத பந்தி முடிஞ்சதும் உனக்கு சாப்பாடு குட்த்தனுப்பிட்றேண்ணா. பாயசம் தனியா டப்பாவுல போட்டுத் தரச் சொல்றேன். எடுத்துகினு வர்ற புள்ளையாண்ட எதுவும் கேட்டுகினு நிக்காத.”